நூல் மாஸ்டரின் மினிபைக்

டிரில் பிட் இரும்பைத் தாண்டிச் சட்டென்று உள்ளே விழுந்தது. அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். இவ்வளவு சீக்கிரம் அது விழுந்திருக்கக் கூடாது. வெளிக்குழாயின் சுவர் ஒன்று, அதற்குள் இறுக்கமாகச் செருகிய ஸ்லீவ் என்ற உள்குழாயின் சுவர் இன்னொன்று, ஆக இரண்டைத் தாண்டியாக வேண்டும். ஒன்றைத்தான் தாண்டியிருந்தது.

சரி, ஸ்லீவை அப்பா சற்றுத் தள்ளிச் செருகியிருப்பார் என்று இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு துளை போட்டாள். அதுவும் அப்படித்தான். மூன்றாவது துளையை, குழாய் மடிந்திருந்த இடத்தை ஒட்டியே போட்டாள். பழைய கம்பி ஒன்றைத் தேடியெடுத்து உள்ளே விட்டாள். கம்பி எங்கேயும் இடிக்காமல் முழ நீளம் போய், நுனியில் துருவை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

வைஸின் இரும்புப் பிடியில் கடிபட்டு நின்றது ஒரு மினிபைக்கின் ஃபிரேம். பழங்காலத்து வண்டி. முழங்கால் உயரத்துக்குச் சக்கரம், ரொட்டித்துண்டு அளவுக்குச் சீட்டு. பெரியவர்கள் ஏறினால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சக்கரமும் சீட்டும் எப்போதோ போன இடம் தெரியாமல் போய்விட்டன. ஃபிரேம் மட்டும் இருபத்தேழு வருடமாகப் பட்டறைச் சுவரில், உள்ளே வருகிற எவருக்கும் முதலில் கண்ணில் படுகிற உயரத்தில், கழுத்து மடிந்தபடி தொங்கியது. மடக்கியவள் அவள்தான். அக்கம்பக்கம் முழுவதும் அப்படித்தான் சொல்லும். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

அவளுடைய அப்பாவுக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே பலருக்கு மறந்துவிட்டது. நூல் மாஸ்டர் என்றால்தான் தெரியும். விபத்தில் வளைந்த வண்டிகளின் ஃபிரேமை நிமிர்த்துவது தொழில். வண்டியின் கழுத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஒரு வெள்ளை நூலைக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "மயிரிழை இடது பக்கம் சாயுது, எடு சுத்தியல" என்பார். வேலை அவ்வளவு சுத்தம். எங்கெங்கோ இருந்தெல்லாம் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

அந்த மினிபைக்கை யாரோ வளைந்த நிலையில் விட்டுவிட்டுப் போய், திரும்பி வரவே இல்லை. அதை நிமிர்த்தி, சிவப்புப் பெயின்ட் அடித்து, மகளின் பதினாறாவது பிறந்தநாளன்று வாசலில் நிறுத்தினார் அப்பா. ஒருமுறை மடிந்த குழாயை என்னதான் நிமிர்த்தினாலும் பழைய பலம் வராது. அந்த இடத்தில் உள்ளே ஸ்லீவ் செருகியே ஆக வேண்டும். பட்டறையில் சேர்ந்த முதல் நாளே எவருக்கும் சொல்லித்தருகிற சங்கதி இது. "ஸ்லீவ் போட்டிருக்கேன்டி. யானை ஏறினாலும் தாங்கும்" என்று சீட்டைத் தட்டிக் காட்டினார்.

யானை ஏறவில்லை. ஐந்தாவது நாள் அவளும், பின்னால் பத்து வயதுத் தம்பியும் ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து இறக்கத்தில் இறங்கியது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியின் கூரைதான். நடுவில் என்ன நடந்தது என்று தலையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் வராது. தலையில் பட்ட அடி அப்படி. தம்பியின் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. இரண்டு முறை ஆபரேஷன் செய்தும், சோற்றுக் கையை வாய் வரைக்கும் கொண்டுபோக முடியாமல், இன்றுவரை இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

"ஸ்லீவ் போட்ட ஃபிரேம் சும்மா மடியாது. தொட்டித் திண்டுல கொண்டு போய் இடிச்சிருக்கா" என்றார் அப்பா. அதோடு வழக்கு முடிந்தது. நினைவே இல்லாதவள் என்ன வாதாடுவாள்? அவளுக்கு வேறு ஊரில் படிக்க இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. பட்டறைக்கு வர வேண்டிய தம்பியின் கை போய்விட்டது, அதற்குப் பதில் என் கை இருக்கட்டும் என்று சுத்தியலை எடுத்தவள், நாற்பத்து மூன்று வயதாகியும் கீழே வைக்கவில்லை. அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சுவரைக் காட்டிச் சிரிப்பார்: "ஸ்லீவ் போட்ட ஃபிரேமையே மடக்கின மகராசி. அதான் நிமுத்தற வேலைய அவகிட்டயே குடுத்துட்டேன். மடக்கினவளே நிமுத்தட்டும்!" அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது.

தம்பி படித்து, தூரத்து நகரத்தில் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டான். வருவான், பேசுவான், அவள் கையால் சாப்பிடுவான். அவள் ஓட்டுகிற வண்டியில் மட்டும் ஏற மாட்டான். ஒருநாளும் ஏறியதில்லை. ரயில் நிலையத்துக்குப் பட்டறை வேனை எடுத்துக்கொண்டு அவள் போவாள். அவன் மனைவி பெட்டிகளோடு வேனில் வருவாள், அவன் வாடகை வண்டியில் பின்னால் வருவான். வாய்விட்டு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருக்கும். ஒரே ஒரு தடவை அவன் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், பட்ட பாடெல்லாம் கழிந்துவிடும் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தாள்.

அப்பா படுத்து மூன்று வாரமாகிறது. இன்னும் சில நாட்கள்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவள் ஏணி போட்டு ஏறி ஃபிரேமை இறக்கினாள். அவர் கண்ணை மூடுவதற்குள் அதை நிமிர்த்தி, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "மடக்கினவளே நிமுத்திட்டேம்ப்பா" என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். மருந்துக்கும் துடைப்பதற்கும் நடுவே கிடைத்த நேரத்தில் பெயின்ட்டைச் சுரண்டினாள். ஸ்லீவைக் கழற்றினால்தானே வேறு போட முடியும் என்று இன்று காலை டிரில்லை எடுத்தாள்.

சுத்தியலின் பின்பக்கத்தால் குழாயைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே ஸ்லீவ் இருந்தால் டொக்கென்று கேட்கும். இது கோயில் மணி போல ஒலித்தது.

"தண்ணி கேக்கறாரு, வாயேன்" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

பட்டறைக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே ஒற்றைக் கதவுதான். கம்பியைக் கீழே போடத் தோன்றாமல் கையோடு பிடித்துக்கொண்டே போனாள். அம்மா கட்டிலோரம் கிண்ணமும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சத்தம் அங்க?" என்றார் அப்பா. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. வார்த்தை மட்டும் தெளிவு.

"ஃபிரேம்ல டிரில் போட்டேம்ப்பா."

"எந்த ஃபிரேம்?"

"சுவத்துல தொங்கினது."

மூன்று நாளாகப் பாதி மூடியே கிடந்த கண்கள் முழுதாகத் திறந்தன.

"அதை யாரு எடுக்கச் சொன்னா?"

"உள்ள ஸ்லீவ் இல்லப்பா."

அம்மாவின் கையில் ஸ்பூன் கிண்ணத்தோடு உரசிச் சத்தம் போட்டது.

"மூணு எடத்துல பாத்துட்டேன். கம்பி விட்டும் பாத்தேன். இல்ல."

அவள் காத்திருந்தாள். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை. அது முடியாவிட்டால் ஒரு தலையசைப்பு. அப்பா அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அதன் நுனியிலிருந்த துருவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இப்பப் போட்டுடு" என்றார்.

"என்னது?"

"ஸ்லீவ். இப்பப் போட்டுடு. அரை அடி பத்தாது. ஒரு அடிக்கு வெட்டு."

வேலைக்கு ஆள் வந்து நிற்கும்போது பேசுகிற அதே குரல். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்ட தண்ணீரைக் குடிக்கவில்லை. சாகக் கிடக்கிற மனிதரை உலுக்கிக் கேட்கவும் முடியாது, கேட்காமல் நிற்கவும் முடியாது. இதென்ன நியாயம்?

அம்மா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நழுவினாள். அவள் விடவில்லை, பின்னாலேயே போனாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தள்ளு, பாலு பொங்கிடும்."

"நீ இன்னும் அடுப்பே பத்த வைக்கல."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப எதுக்கு அதைக் கெளறிக்கிட்டு? உயிரு போற நேரத்துல."

"தெரியுமா, தெரியாதா?"

"உன் பொறந்தநாளுக்குள்ள குடுத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அந்த அளவுக்கு உள்ள போற பைப்பு அந்த வாரம் கெடைக்கல. கொஞ்ச நாள் ஓட்டட்டும், பைப்பு வந்ததும் கழட்டிப் போட்டுக்கலாம்னு பட்டி பூசி பெயின்ட் அடிச்சுட்டாரு. ஆசைடி. பெத்த பொண்ணு மேல ஆசை. வேற என்ன?"

"ஆசையில பண்ணினதை நான் கேக்கல. அதுக்கப்புறம் பண்ணினீங்களே, அதைக் கேக்கறேன்."

"நூல் மாஸ்டர் நிமுத்தின ஃபிரேம் அஞ்சே நாள்ல மடிஞ்சுது, அதுவும் சொந்தப் புள்ளைங்க ஏறின வண்டின்னு வெளிய தெரிஞ்சா எவன் வாசப்படி மிதிப்பான்? அப்பதான் நாலு பேர் தேடி வர ஆரம்பிச்ச நேரம். சின்னப் பொண்ணு, வண்டிய இடிச்சுட்டான்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்கன்னு நெனச்சோம்."

"நெனச்சோமா?"

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"மறக்க விட்டீங்களாம்மா நீங்க? சுவத்துல இல்ல மாட்டி வெச்சீங்க!"

"வேற என்ன பண்றது? பழைய இரும்புக்குப் போட்டா எவனாவது வெட்டிப் பாப்பான். எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்தா எவனும் தொட மாட்டான்னாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். இவர்கள் அதற்கும் ஒருபடி மேலே போய், பூசணிக்காயைச் சுவரில் மாட்டி மறைத்திருக்கிறார்கள். காவலுக்கு அவளையே நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது, ஒரு சாப்பாட்டு வேளையிலாவது, இவர்கள் இருவருக்கும் தொண்டையில் எதுவும் அடைக்கவில்லையா?

"நான் படிக்கப் போகலன்னு சொன்ன அன்னிக்காவது சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்ப நீ ரொம்ப உறுதியா இருந்த" என்றாள் அம்மா. "சரி, குடும்பத்து மேல பாசமா இருக்காளேன்னு..."

அதற்கு மேல் அங்கே நின்றால் வாயில் என்ன வருமோ என்று பயந்து பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரமாக அப்பாவின் கட்டிலை விட்டு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நகர்ந்ததில்லை. அன்று நகர்ந்தாள். வைஸுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக மனத்துக்குள் அடுக்கினாள். பதினோரு மணி மருந்துக்கு நேரமானதும், கேட்டுவிடுவது என்று எழுந்து போனாள். அப்பா சுவரைப் பார்த்தபடியே இருந்தார். தோளைத் தொட்டதும் தெரிந்துவிட்டது.

கேட்பதற்கு ஆளில்லை. கடைசி ஒரு மணி நேரத்தையும் தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்கப்புறமும் வரவில்லை.

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள், அவள் அழாததைப் பார்த்து, "மனசுக்குள்ளயே வெச்சுக்காத, வாய்விட்டு அழுதுடு" என்றார்கள். எதிர்க்கடைக்காரர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். டயர் ஒட்டுகிறவர், முப்பது வருடமாகப் பஞ்சர் என்றே பெயராகிவிட்டது. நல்ல மனிதர், வாய்தான் நிற்காது.

"காலையில டீ குடிக்கும்போது சுவத்தக் காட்டிக் காட்டிச் சிரிப்பாரு" என்று மூக்கை உறிஞ்சினார். "ஸ்லீவ் போட்ட ஃபிரேமையே மடக்கினவடா எம் பொண்ணும்பாரு. வேற எவனா இருந்தாலும், பையன் கைய ஒடச்சவளை வீட்ல வெச்சிருப்பானா? ஒரு நாள் கோவமா ஒரு சொல்லு? தங்கம்யா, தங்கம்!"

சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். செத்த பிறகு எல்லாரும் தங்கம்தான். இவரோ இருக்கும்போதே தங்கமாக இருந்துவிட்டுப் போனவர். அவளுக்கு வாய் திறந்துவிட்டது. எதிரே அம்மா தலையை மெல்ல, மிக மெல்ல, வேண்டாம் என்று ஆட்டினாள். கணவனின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணீர் வழிகிற முகத்தோடு, அதை மட்டும் தெளிவாகச் செய்தாள். இருபத்தேழு வருடப் பழக்கம்.

அப்பாவுக்கு முடியவில்லை என்று முந்தைய இரவே ரயில் ஏறியிருந்த தம்பி அப்போது வாசலில் வந்து இறங்கினான். கூடவே அவன் மனைவி. அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். இடது கையால் முகத்தைத் துடைத்தான்; வலது கை பாதி மடங்கியபடி மார்போரம் நின்றது. அவளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. எழுந்து பட்டறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான்.

"அக்கா."

"ம்."

"உன்னை ஒரு வார்த்தை திட்டியிருப்பாராக்கா? எனக்கு அதான் திரும்பத் திரும்ப வருது. எவ்வளவு பெரிய மனசு."

அவள் ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டி, வைஸில் நின்ற ஃபிரேமைக் காட்டினாள்.

"இதைத் தட்டு."

"இப்ப எதுக்கு..."

"தட்டுடா."

இடது கையால் வாங்கித் தட்டினான். ஆபீசில் வேலை பார்த்தாலும் பட்டறையில் பிறந்தவன். சத்தத்துக்கு அவனிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மடிந்த இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மறுபடி தட்டினான். ஸ்பேனரை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்தான்.

"ஸ்லீவே போடலியா?"

"போடல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் ஃபிரேமைப் பார்த்துக்கொண்டே நின்றான். கத்துவான், அழுவான், குறைந்தபட்சம் முக்காலியையாவது எட்டி உதைப்பான் என்று எதிர்பார்த்தாள். இது அவன் கையல்லவா.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றான்.

"என்ன பாத்த?"

"நீ எதுலயும் இடிக்கலக்கா. நேராத்தான் போன. ஹேண்டில் திடீர்னு தன்னால கீழ எறங்குச்சு. நான் உன் தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டே வந்தேன். திண்டு அந்தப் பக்கம் எங்கயோ இருந்துச்சு."

பட்டறைக்கு வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் கேட்டாள்.

"இதை யார்கிட்ட சொன்ன?"

"அப்பாகிட்ட. ஆஸ்பத்திரியிலயே. வலியில ஏதோ ஒளர்றேன்னாரு. நீ திண்டுல இடிச்சதை மூணு பேர் பாத்தாங்கன்னாரு."

"யாரு அந்த மூணு பேரு?"

"தெரியாது. நான் கேக்கல."

"பத்து வயசுல கேக்கல. சரி, குழந்தை. இருபது வயசுல? முப்பதுல?"

அவன் மடிந்த குழாயை இடது கையால் தடவினான்.

"அப்ப ஏன்டா என் வண்டியில ஒரு தடவைகூட ஏறல?"

"ஏறினா..." அவன் நிறுத்தினான். "ஏறினா உன் மேல தப்பில்லன்னு ஆயிடும்க்கா. அப்ப யார் மேலன்னு யோசிக்கணும். அப்புறம் யாரு இந்தப் பட்டறையப் பாத்துக்கறது, யாரு இவங்களப் பாத்துக்கறதுன்னு வரும். அப்படியே விட்டுட்டேன். பழகிடுச்சு."

உண்மையைத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. பாவம் ஒரு பக்கம் பழி ஒரு பக்கம் என்பார்கள். பழி இருந்த பக்கத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, மற்ற மூவரும் அவரவர் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா பெயரோடு, அம்மா நிம்மதியோடு, இவன் தன் வேலையோடும் நகரத்தோடும். அப்பாவின் பொய்யைக்கூட ஒரு பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். இவனுடையதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இவனுக்காக அல்லவா அவள் சுத்தியலை எடுத்தாள்.

"என்னை மன்னிச்சிடுக்கா" என்றான் தம்பி.

வாசலிலிருந்து பஞ்சரின் குரல் வந்தது. "தூக்கற நேரமாச்சுப்பா. மகன் எங்க?"

"போ. கூப்பிடறாங்க" என்றாள்.

அவனால் ஒரு கையால்தான் பிடிக்க முடியும் என்பதால் பாடையின் முன்பக்கம் இடது ஓரத்தில் அவனை விட்டார்கள். வலது ஓரத்துக்கு ஆள் தேடியபோது அவளே போய்ப் பிடித்தாள். யாரும் தடுக்கவில்லை. அந்தத் தெருவில் அவளைவிடக் கனமாகத் தூக்கிப் பழகியவர்கள் இல்லை. அப்பா மூன்று வாரத்தில் எடையே இல்லாமல் போயிருந்தார். அடக்கம் முடிந்து கை கழுவும்போதுதான், உள்ளங்கையில் காலையில் ஒட்டிய துரு இன்னும் போகாமல் இருப்பதைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் காலை தம்பி கிளம்ப வேண்டியிருந்தது. ஆபீசில் அவ்வளவுதான் லீவு கொடுத்தார்களாம். அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத. நாளைக்குப் பட்டறை தொறக்கணும், நீதான் இருந்து பொழைக்கணும்" என்றாள். அறிவுரை நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவளால் தாங்க முடியவில்லை.

"இனிமே அந்தப் பேரை நீதான் காப்பாத்தணும்" என்றும் சொன்னாள்.

"அதைத்தானேம்மா இவ்வளவு நாளும் பண்ணேன்" என்றாள்.

வேனை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினாள். தம்பி மனைவி வழக்கம்போல முன் கதவைத் திறக்கப் போனாள். தம்பி அவள் தோளைத் தொட்டு, "நீ பின்னாடி உக்காரு" என்றான். பெட்டியைப் பின்னால் வைத்தான். முன்பக்கம் வந்து ஏறி, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். இடது கையால் கதவை இழுத்துச் சாத்தினான். பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டு, "போலாம்க்கா" என்றான்.

வாசலில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதிர்க்கடையில் பஞ்சர் கையிலிருந்த டயரை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருடம் இதற்காக ஏங்கியிருக்கிறாள்! இப்படி ஒரு காலையில், இப்படிப் பக்கத்தில், தோள் உரசுகிற தூரத்தில். வந்துவிட்டது. உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் வாங்கிக்கொள்வாள் என்று அவன் காத்திருந்தான். முகத்தில் நிம்மதிகூட வந்துவிட்டிருந்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு அண்ணி" என்றாள் பின்னாலிருந்து தம்பி மனைவி.

"நீ வண்டி ஓட்டுவ இல்ல?" என்றாள் அவள்.

"ஓட்டுவேன் அண்ணி. ஏன்?"

அவள் சாவியை எடுக்காமல் கதவைத் திறந்து இறங்கினாள்.

"வா, நீ ஓட்டிக்கிட்டுப் போ. ஸ்டேஷன் வாசல்ல விட்டுட்டுப் போங்க. நான் அப்புறம் நடந்து வந்து எடுத்துக்கறேன்."

"அக்கா..." என்றான் தம்பி.

"பத்திரமாப் போயிட்டு வாங்க."

தம்பி மனைவி ஒன்றும் புரியாமல் இறங்கி வந்து, சீட்டை முன்னால் நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பி, தயங்கித் தயங்கிக் கிளப்பினாள். வேன் இரண்டு முறை குலுங்கி நகர்ந்தது. தம்பி திரும்பிப் பார்த்தானா என்று தெரியவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது. தெருமுனையில் இரண்டாவது கியர் விழாமல் கரகரவென்று அரைத்தது.

அதுவொரு பழைய வேன். கிளட்சை அடிவரைக்கும் அமுக்கினால்தான் கியர் விழும். நடுத்தெருவில் நின்றபடி அவளுடைய இடது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.